ஐந்நூறு ரூபாய் கத்தியும் ஐயாயிரம் வருஷத்து இரும்பும்

போன விடுமுறையில் ஒரு கத்தி செய்தேன். ஏதோ வீரவாள் என்று நினைத்துவிடாதீர்கள், வெங்காயம் நறுக்கும் சாதாரணக் கத்திதான். கடையில் 100 ரூபாய்க்கு இதைவிட லட்சணமான கத்தி கிடைக்கும். எனக்கு 500 ரூபாய்க்கு மேல் செலவு. அதற்கு முன்னால் இரண்டு கத்திகள் வீணாகப் போனது தனிக்கணக்கு.

அந்த இரண்டும் ஏன் வீணாகப் போயின என்று தேடப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது. நான் தடுமாறிய அதே இடங்களில் எனக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தடுமாறியிருக்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே உட்பட! கத்தியின் வரலாறு என்றால் ராஜாக்களின் வாள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கையில் காசு இல்லாதவன் கத்தி செய்வது எப்படி என்ற கேள்வியோடு அந்த வரலாற்றைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் கத்தி: மடங்கியது

எங்கள் ஊர் சமயநல்லூர். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையில் இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கேட் செய்து மீந்துபோன ஒரு இரும்புப் பட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து அரத்தால் ராவினேன். கூர் வந்தது. தக்காளி வெட்டினேன், சூப்பர்! மூன்றாவது நாள் முருங்கைக்காய் வெட்டியதில் கூர் அப்படியே ஒருபக்கமாக மடங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெரியவர் வாங்கி அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது பச்சிரும்பு. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் ஆகும். இதை நெருப்புல போட்டு எடுத்து எத்தனை தடவை முக்கினாலும் பதம் ஏறாது."

"எல்லாமே இரும்புதானேய்யா?"

"எல்லாமே இரும்புதான். உருக்கு வேற."

இந்த ஒரு வரியில்தான் உலக உலோக வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது. இரும்புக்கும் உருக்குக்கும் உள்ள வித்தியாசம் துளியூண்டு கரி, அதாவது கார்பன். 0.25 சதவீதத்துக்குக் கீழே கார்பன் இருந்தால் காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்கு இரும்பு கடினமாகாது. அரை சதவீதத்தைத் தாண்டினால் நன்றாகக் கடினமாகும், கூர் நிற்கும். இரண்டைத் தாண்டினால் வார்ப்பிரும்பு, அடித்தால் உடையும். வேறுபாடு இவ்வளவு சின்னது என்பது ஐரோப்பிய வேதியியலாளர்களுக்கே 1780களில்தான் உறுதியாகத் தெரிந்தது. அதற்கு முன் பல ஆயிரம் வருஷமாக உலகம் முழுக்க இந்த வேலை கையாலும் கண்ணாலும் மட்டுமே நடந்திருக்கிறது.

நம் பக்கம் இரும்பு எவ்வளவு பழசு? திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஆதிச்சநல்லூரில் (இப்போது தூத்துக்குடி மாவட்டம்) 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அது கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கை வெளியானது. இந்தக் காலக்கணக்கு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இரும்பு கிடைத்துவிட்டால் மட்டும் கத்தி கிடைத்துவிடாது. என் கேட் பட்டை போல மடங்கிப் போகும்.

பழைய ஊதுலைகளில் இரும்பு உருகி ஓடாது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், மண் உலைக்கு அது எட்டாத சூடு. கசடு உருகி ஓடும். இரும்பு பஞ்சு மாதிரிக் கட்டியாகத் தங்கும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றினால் பச்சிரும்பு. அதை உருக்காக்க இன்னொரு வேலை இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அதற்கான மூசைகளும் உலைகளும் கிடைத்திருக்கின்றன. மூசை என்றால் உலோகம் உருக்கும் மண்குப்பி. தென்னாற்காட்டுப் பக்கம் மேல்சிறுவலூரில் இன்னொரு உருக்குத் தலத்தை ஷாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் கண்டுபிடித்து எழுதினார்.

மூசைக்குள் என்ன போட்டார்கள்? சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பவுண்டுக்கு மிகாத பச்சிரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. மண் வைத்து வாயை மூடி, இருபது மூசைகளுக்கு மேல் ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்களாம். குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கார்பன் இரும்பில் ஏறும். கார்பன் ஏற ஏற உருகும் சூடு குறையும் என்பதால், உருகாத இரும்பு உருகிவிடும்.

ஆவாரையும் எருக்கும் எங்கள் ஊர் ரயில் தண்டவாள ஓரத்தில் சும்மா முளைத்துக் கிடக்கின்றன. இதைப் படித்த பிறகு அந்தச் செடிகளை ஒரு மாதிரி மரியாதையாகத்தான் பார்க்கிறேன் :-)

அப்படியானால் உருக்கு மலிவா? இல்லவே இல்லை. ஒரு மூசைக்கு அரைக் கிலோகூட வராது. அதற்கு முதலில் இரும்பு வேண்டும், அந்த இரும்புக்கு அதன் எடையைப் போலப் பல மடங்கு கரி வேண்டும். அதனால் சாதாரணக் குடியானவனின் அருவாள் முழுக்க உருக்கு கிடையாது. உடம்பு பச்சிரும்பு, வெட்டும் வாயில் மட்டும் ஒரு கீற்று உருக்கு வைத்து அடித்துச் சேர்ப்பார்கள். "உருக்கு வச்ச அருவா" என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். இங்கிலாந்துக் கொல்லரும் கோடரி வாயில் இதையே செய்தார், ஜப்பானியக் கொல்லரும் சமையல் கத்தியில் இதையே செய்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் உருக்கு விலை அதிகம், அவ்வளவுதான்! பட்ஜெட் கத்தி என்பது ரொம்பப் பழைய விஷயம்.

இரண்டாவது கத்தி: விரிந்தது

பெரியவர் சொன்னபடி பழைய இரும்புக்கடையில் வண்டியின் ஸ்பிரிங் பட்டை ஒரு துண்டு வாங்கினேன். லாரிப் பட்டை தடிமன் அதிகம், ராவி மாளாது. அதனால் சின்ன சரக்கு வண்டியின் பட்டை. வீட்டுக் கொல்லையில் செங்கல் அடுக்கி, கரி போட்டு, முடி காயவைக்கும் ப்ளோயரைத் துருத்தியாக வைத்து (அக்காவிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது) பட்டையைப் பதமாக ஆறவிட்டு, ராவி, வடிவம் கொண்டுவந்தேன். பிறகு நல்ல மத்தியான வெயிலில் மஞ்சளாகக் கனியும் வரை காய்ச்சி, பக்கெட் தண்ணீரில் முக்கினேன்.

'டிங்' என்று ஒரு சத்தம். முதுகிலிருந்து வாய் வரை ஒரு விரிசல்.

இந்த 'டிங்' சத்தம் லண்டன் வரை போகிறது. 1790களில் பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில உருக்குக் கட்டிகளை அனுப்பினார். இந்தியாவில் இதன் பெயர் 'வூட்ஸ்' என்றார்கள். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இரண்டில் ஒன்று வெள்ளைக்காரர் வாயில் புகுந்து இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து 1795இல் கட்டுரை படித்தார். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்தக் கட்டியிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தார்.

கத்தி அருமை, ஆனால் அடிப்பது பெரும்பாடு. ஐரோப்பியக் கொல்லர்கள் தங்களுக்குப் பழகிய இரும்பைப் போல வெள்ளைச் சூட்டில் வைத்து அடித்தால் இந்த உருக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் உருக்கைக் குறைந்த சூட்டில், சிவப்பாக இருக்கும்போதே பொறுமையாக அடிக்க வேண்டும். அதிகம் காய்ச்சினால் கெட்டது. அவர்களுக்கு நல்ல பொருள் கைக்கு வந்துவிட்டது, அதை எப்படிக் கையாள்வது என்ற பழக்கம் கூட வரவில்லை. இங்கிருந்து கட்டி மட்டும்தானே கப்பலேறியது!

பிறகு அதே ஸ்டோடார்டோடு சேர்ந்து வூட்ஸின் ரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு அப்பா மாதிரியான ஃபாரடேதான். இவருடைய அப்பா ஒரு கொல்லர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1819இல் வூட்ஸை ஆராய்ந்தவர், அதில் கலந்திருக்கும் அலுமினியம்தான் அதன் குணத்துக்குக் காரணம் என்று நினைத்தார். அது தவறு. ஆனால் அந்தத் தேடலில் உருக்கோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்ததால், இன்றைய உலோகக் கலவை ஆராய்ச்சிக்கு முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். தவறான யூகம், நல்ல விளைவு.

பியர்சன் பெயர் இருக்கிறது, ஸ்டோடார்ட் பெயர் இருக்கிறது, கட்டியை அனுப்பிய ஸ்காட் பெயரும் இருக்கிறது. அந்தக் கட்டியை உருக்கியவர் யார்? பெயர் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

விலை எப்படி இறங்கியது?

சரி, ஒரு காலத்தில் ஒரு கீற்று உருக்குக்கே அவ்வளவு பாடு என்றால், நான் எப்படி ஒன்றரைக் கிலோ உருக்கை 90 ரூபாய்க்கு வாங்கினேன்?

முதலில் கரிப் பிரச்சினை. மேலே சொன்ன ஹீத், பரங்கிப்பேட்டையில் 1830களில் ஐரோப்பிய முறையில் ஒரு பெரிய இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்துப் பக்கமிருந்து வர வேண்டும், எரிபொருளோ மரக்கரி. சுற்றுவட்டாரக் காட்டை எரித்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடன் மேல் கடன், நஷ்டம் மேல் நஷ்டம், 1860களில் கதை முடிந்தது. இங்கிலாந்தில் நிலக்கரி இருந்தது, நம் ஆலைக்கு அது இல்லை.

அடுத்து 1856. ஹென்றி பெஸ்ஸமர் உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதி, அதிலிருக்கும் கார்பனையே எரித்து, அரை மணி நேரத்துக்குள் டன் கணக்கில் உருக்கு எடுக்கும் முறையை அறிவித்தார். அதுவரை ஷெஃபீல்டில் இரும்புக் கம்பிகளில் கார்பன் ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் சூளையில் வைக்க வேண்டியிருந்தது. விலை பல மடங்கு சரிந்தது. கப்பலில் வந்து இறங்கிய மலிவு இரும்பின் முன்னால் நம் ஊர் மண் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உருக்கு காய்ச்சுவதை நிறுத்திவிட்டு, வந்த உருக்கை அடிப்பவராக நம் கொல்லர் மாறினார்.

மூன்றாவதாக மோட்டார் வண்டி. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டித்தான் வளர்ந்தது. பஸ் வந்தால் லாரி வரும், லாரி வந்தால் அதன் அடியில் ஸ்பிரிங் பட்டை வரும். அந்தப் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கார்பனும், கூடவே மாங்கனீஸ், சிலிக்கான் அல்லது குரோமியமும் இருக்கும். பாரத்தை வருஷக்கணக்கில் தாங்கி ஓய்ந்த பிறகு அது பழைய இரும்பு விலைக்கு வரும். ஒரு காலத்தில் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து உருக்கிய பொருள், இப்போது கிலோ கணக்கில் தராசில்!

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தியின் அருவாள் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005இல் விஜய் அருவாள் அடிப்பவராக நடித்த 'திருப்பாச்சி' வந்தபோது தமிழ்நாடே பேசியது. அந்த அருவாளும் லாரிப் பட்டையில் அடிப்பதுதான். கரிக்கும் வழி பிறந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று பரவிய சீமைக்கருவேலம் விவசாயிக்குச் சாபம், ஆனால் கரிமூட்டத்துக்கு வெட்ட வெட்டக் குறையாத விறகு.

ஆக உலோகம் மலிவாகிவிட்டது, கரி மலிவாகிவிட்டது. பிறகு ஏன் என் கத்தி உடைந்தது?

மூன்றாவது கத்தி

விரிந்த கத்தியைப் பார்த்ததும் பெரியவர் திட்டவில்லை. "வெயில்ல காய்ச்சினியா?" என்று மட்டும் கேட்டார். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியுமாம். நான் சிவப்பு என்று நினைத்தபோது அது ஏற்கெனவே தேவைக்கு மேல் போயிருந்தது. அதிகச் சூட்டில் உருக்கின் மணி பெரிதாகும், பெரிய மணி உடையும். அதோடு, பட்டை உருக்கை இப்படிப் பச்சைத்தண்ணீரில் முழுசாக முக்கவும் கூடாது. கொல்லுப்பட்டறைகள் ஏன் எப்போதும் இருட்டாக இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை நாளாக அது ஏழ்மை என்று நினைத்திருந்தேன்.

பொழுது சாயவும் அவர் உலையில் வேலை தொடங்கியது. நான் படித்த பிள்ளை அல்லவா, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் தோய்க்கலாம் என்று கணக்கு. அவர் கத்தியைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். நான் காந்தத்தை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டியது... ஒட்டியது... ஒட்டவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "இன்னும் ரெண்டு ஊது ஊது... ம், போதும்" என்று எடுத்துவிட்டார். காந்தத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஊரின் வடைக்கடையில் ஓசியில் வாங்கிய பழைய எண்ணெயில் முக்கினார். 'டிங்' இல்லை! அரம் வழுக்கியது. பிறகு ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, காய்ச்சிய இரும்புக்கட்டி மேல் முதுகை வைத்தார். வெள்ளையில் ஒரு மஞ்சள் மெல்ல ஊர்ந்து வந்தது. வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் தண்ணீரில் போட்டார். அது ஏறத்தாழ 220 டிகிரி. விட்டிருந்தால் பழுப்பு, ஊதா, நீலம் என்று போகும். நீலம் வந்தால் 300, கூர் நிற்காது. கத்தி செய்வதில் இந்தத் தோய்ச்சல்தான் உயிர்.

உலைச் சூட்டை நம்பி அளக்கும் கருவியை லெ ஷாத்தலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1880களில்தான் கொடுத்தார். அதற்கு முன் ஷெஃபீல்டிலும் டமாஸ்கஸிலும் கொடுமணலிலும் இதே கண்தான், இதே இருட்டுதான்.

என் கணக்கு இது: பட்டை 90, கரி 160, அரம் 250, பிடிக்கு ஆணி 20. மொத்தம் 520 ரூபாய். பிடி வேப்பங்கட்டை, காசில்லை. எண்ணெய் ஓசி. பெரியவர் கூலி வாங்கவில்லை. வற்புறுத்தியதும், "டீ வாங்கிக் குடு" என்றார்.

அந்தக் கணக்கைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் கத்தியில் விலை உயர்ந்தது உருக்கு. அப்புறம் கரி. இன்றைக்கு இரண்டும் மலிவு. கடைசியில் எது இல்லாமல் என் இரண்டு கத்திகள் வீணாயினவோ, அந்தக் கண்ணின் பதத்துக்குத்தான் பட்டியலில் விலையே போடவில்லை. 1795லும் கட்டி அனுப்பியவன் பேர் இருந்தது, உருக்கியவன் பேர் இல்லை. இப்போதும் 'நம் முன்னோர் டமாஸ்கஸ் வாளுக்கே உருக்கு கொடுத்தவர்கள்' என்று பெருமையாக எழுதுகிறோம். தெருமுனையில் அருவாளுக்குத் தோய்ச்சல் போடுகிறவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம்.

போதாததற்குச் சந்தேகப் பார்வை வேறு. 2021 செப்டம்பரில் தொடர் கொலைகளுக்குப் பிறகு, கத்தி, அருவாள் செய்கிறவர்கள் வாங்குபவரின் பெயர், முகவரி, எண் எல்லாம் குறித்து வைக்க வேண்டும் என்று தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியது. காரணம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் அருவாள் என்றாலே வெட்டு குத்து என்று சினிமா பழக்கிவிட்ட ஊரில், களை வெட்டுகிறவருக்கும் தேங்காய் உரிக்கிறவருக்கும் கருவி செய்து கொடுக்கிறவர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. (நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் ஒன்று: வீடு, விவசாயம், தொழிலுக்கானவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சமையல் கத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

பெரியவரின் மகன் கம்பெனி வேலைக்குப் போகிறார். போகத்தான் வேண்டும், இந்த வருமானத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த "ம், போதும்" எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்து அது யாரிடம் இருக்கும் என்று தெரியவில்லை.

கத்தி நன்றாக வெட்டுகிறது. அருவாமனையை விட்டு எழாத அம்மாகூட இப்போது பச்சை மிளகாய்க்கு அதைத்தான் எடுக்கிறார். உங்கள் ஊரில் இன்னும் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தால், வீட்டில் மழுங்கிக் கிடக்கும் அருவாளை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். உலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.